மண்டூர் வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு மேலே: ஐந்து நாள்

முதல் நாள்: கல்லடி – உன்னிச்சை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, மண்டூர் வட்டையில் (வயல்வெளியில்) எங்களுக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. இந்தச் சிறுபோகத்தில் (வெயில்கால நெல்லில்) அதில் ஒரு ஏக்கர் பதராய்ப் போனது. நோய் இல்லை, அறக்கொட்டிப் பூச்சி இல்லை, பயிர் குடலையில் (கதிர் வெளிவருவதற்கு முன்) நின்ற நேரம் வரவேண்டிய தண்ணீர் ஒன்பது நாள் பிந்தியது, அவ்வளவுதான். ஏன் பிந்தியது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "மேலே இருந்து வரல்ல." மேலே என்றால் எது, யார்? கல்லோயாத் திட்டத்தின் இடதுகரை வாய்க்காலின் நுனியில் இருக்கிற எங்களுக்கு எல்லாமே மேலேதான்.

நான் கணிதம் படிப்பிக்கிறவன். எண் இல்லாத பதில் எனக்கு வயிற்றில் செமிக்காது. ஆகஸ்ட் விடுமுறை தொடங்கியதும் மச்சானிடம் சொன்னேன், வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு அதற்குத் தண்ணீர் விடுகிற சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளம் வரைக்கும் போவோம், தண்ணி எங்கே நிற்கிறதென்று ஒருக்கா பார்ப்போம் என்று. அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பெற்றோல் யார்ர?" என்றான். என்னுடையதுதான்.

மண்டூருக்கு நாளைக்குத்தான். இன்றைக்குச் சும்மா ஒரு ஒத்திகைபோல வலையிறவுப் பாலத்தால் வவுணதீவு, ஆயித்தியமலை கடந்து உன்னிச்சைக்குப் போனோம். எங்கள் வாய்க்காலுக்கும் இந்தக் குளத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் என் வீட்டுக் குழாய்க்குத் தொடர்பு உண்டு. மட்டக்களப்பு நகரம் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான், வவுணதீவில் சுத்திகரித்து அனுப்புகிறார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல், அதுதான் கல்லடி. முன்பெல்லாம் வெயில் காலம் வந்தால் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் உப்புக் கரிக்கும்.

குளக்கட்டில் ஏறிப் பார்த்தேன். தண்ணீர் உள்ளே தள்ளிப் போயிருந்தது. வான்கதவுகளுக்குக் கீழே காய்ந்த பாசி, அதன்மேல் ஒரு நாய் படுத்திருந்தது. மாரியில் இந்தக் குளம் 33 அடியைத் தொடப்போகிறது என்றால் மாவட்டம் முழுக்கத் தெரியும். காலையில் எழும்பினால் வாட்ஸ்அப்பில் உன்னிச்சை இவ்வளவு, உறுகாமம் இவ்வளவு, வாகனேரி இவ்வளவு, நவகிரி இவ்வளவு என்று அடியும் அங்குலமுமாக வந்து விழும், பல் விளக்காதவன்கூட அதை நாலு பேருக்கு அனுப்பிவிடுவான். ஆகஸ்டில் ஒருவரும் அனுப்புவதில்லை. வெள்ளத்துக்குப் பயந்து எண்ணுகிறோம், வரட்சியை எண்ணுவதில்லை.

குளத்தடிக் கடையில் பிளேன்டீ குடிக்கும்போது எங்கிருந்து வருகிறோம் என்று கடைக்கார அக்கா கேட்டார். கல்லடி என்றேன். "குளம் எங்கட வாசல்ல, தண்ணி உங்கட குசினிக்குள்ள" என்றார் சிரித்துக்கொண்டே. குற்றம் சாட்டுகிற சிரிப்பு இல்லை, ஆனாலும் எனக்குப் பிளேன்டீ கொஞ்சம் தொண்டையில் நின்றது. அவர் வீட்டுக்குத் தண்ணீர் பவுசர் வண்டியில்தான் வருகிறதாம்.

இரண்டாம் நாள்: குருமண்வெளி – மண்டூர்

பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போகலாம். ஆனால் குருமண்வெளியில் பாதை ஏறாமல் மண்டூருக்குப் போனால் போன மாதிரியே இருக்காது. வெளியூர்க்காரருக்கு: இங்கே பாதை என்றால் தரையில் இல்லை, தண்ணீரில் மிதக்கிற பலகைத் தட்டு, ஆளும் ஆடும் மோட்டார் சைக்கிளும் அதில் ஏறி வாவியைக் கடக்கும். எழுவான்கரையிலிருந்து (கிழக்குக் கரை) படுவான்கரைக்கு (மேற்குக் கரை). ஒரு அம்மா மடியில் மரவள்ளிக்கிழங்குப் பை, பக்கத்தில் பூசைத் தட்டு. மண்டூர் முருகனுக்கு வாய் கட்டித்தான் பூசை, மந்திரம் கேட்காது. எங்கள் வட்டையில் தண்ணீர் வருவதும் அப்படித்தான், ஒரு சத்தமும் முன்னறிவிப்பும் இருக்காது என்றான் மச்சான். சாமி குத்தம் வரும், வாயை மூடு என்றேன்.

பெரியப்பா வரம்பில் நின்றார். அறுவடை முடிந்து வயல் மஞ்சளாய்க் கிடந்தது. பதராய்ப்போன துண்டை மட்டும் மெசின் விடாமல் மாட்டுக்கு விட்டுவிட்டோம்.

அப்பா பத்தொன்பது வருடம் இந்த வட்டைக்கு விதானை, வயலையும் தண்ணீரையும் மேற்பார்க்கிறவர். அவர் விட்டுப்போன சீஆர் கொப்பி ஒன்று பெரியப்பா வீட்டுப் பெட்டகத்தில் இருக்கிறது, அதைப் பார்க்கத்தான் முக்கியமாக வந்தேன். மட்டை போய்விட்டது, ஓரங்களைக் கறையான் தின்றிருக்கிறது. ஒவ்வொரு போகத்துக்கும் இரண்டு பக்கம். இடப்பக்கம் கூட்டத்தில் சொன்ன தேதி, வலப்பக்கம் எங்கள் மடைக்குத் தண்ணீர் வந்த தேதி. ஓரிடத்தில் "சொன்னது 12, வந்தது 17, இரவு 2 மணி, முழங்காலுக்குக் கீழ்" என்று எழுதி, அதன் கீழே வேறு பேனாவில் "மேலே அடைத்திருக்கிறார்கள் போல" என்று போட்டிருந்தார். முழங்கால்தான் அவருடைய அளவுகோல். முழங்கால், கரண்டைக்கால், "பாதம் நனையும்". அப்பாவின் உயரம் எனக்குத் தெரியும், ஆகவே கரண்டைக்கால் என்றால் நாலு அங்குலம் என்று வைத்துக் கணக்கெடுக்கலாம். ஆனால் அந்தப் "போல" தான் என்னை இரவு முழுக்கத் தூங்கவிடவில்லை. மேலே அடைத்தார்களா, அல்லது குளத்திலேயே தண்ணீர் குறைவா, அல்லது நடுவில் வாய்க்கால் உடைந்ததா, அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. எனக்கும் தெரியாது. இந்தக் கிளை வாய்க்கால் தொடங்குகிற இடத்தில் இன்றைக்கு எவ்வளவு தண்ணீர் உள்ளே விட்டார்கள் என்ற ஒரே ஒரு எண் எங்கள் கைக்கு வந்திருந்தால் "போல" தேவைப்பட்டிருக்காது.

மூன்றாம் நாள்: மத்திய முகாம் – உகனை – அம்பாறை

வாய்க்காலோடு ஒட்டியே போகப் பார்த்தோம், முடியவில்லை. பாதி இடங்களில் கரையில் புல்லு மோட்டார் சைக்கிள் உயரம். மத்திய முகாம் வழியாக எண் போட்ட கொலனிகளைத் தாண்டி ஏறினோம். கல்லோயாத் திட்டம் 1949 இல் தொடங்கியபோது காட்டை வெட்டி ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றிய கொலனிகள் இவை. மேலே பெரும்பாலும் சிங்களவர், கீழே வாலில் தமிழரும் முஸ்லிம்களும். ஆற்றின் பெயரே எங்கள் பக்கம் பட்டிப்பளை ஆறு, அவர்கள் பக்கம் கல்லோயா. 1956 ஜூனில் இங்கே நடந்ததை எல்லோருக்கும் தெரியும், சுதந்திரத்துக்குப் பிறகு தமிழருக்கு எதிரான முதல் பெரிய கலவரம் இந்தக் கொலனிகளில்தான் இரத்தம் சிந்தியது. அந்தக் கதையை வீட்டில் கேட்டு வளர்ந்தவன் உகனைக்குள் நுழையும்போது முதுகு கொஞ்சம் விறைக்கத்தான் செய்யும். மச்சானுக்கு அதெல்லாம் இல்லை. கொழும்பில் ஆறு வருடம் வயரிங் வேலை செய்தவன், சிங்களம் தண்ணீராய் ஓடும்.

ஒரு வாய்க்கால் கதவடியில் நிறுத்தினோம். இரும்புத் தகடு, திருகுத் தண்டு, தண்டின்மேல் கிறீஸ். சுவரில் பெயின்ட் அடித்த அளவுகோல், 3க்கும் 4க்கும் நடுவில் பெயின்ட் உரிந்து எண் இல்லை. தண்ணீர் மட்டம் சரியாக அந்த உரிந்த இடத்தில்!

பக்கத்து வளவிலிருந்து ஒரு முதியவர் வந்தார். மச்சான் "மாமே" என்று தொடங்கியதும் கதிரை வந்தது, தேத்தண்ணி வந்தது, கித்துள் கருப்பட்டியும் வந்தது. நாங்கள் மண்டூர் வாய்க்கால் ஆட்கள் என்றதும் அவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "எண்பத்தொன்றில் உங்களுக்குத் தண்ணீர் விட்டோம், தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்கு வாசித்த அளவில் தெரியும். 1981 இல் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பட்டம் முடித்த இளைஞர்களை இடதுகரையில் விவசாயிகளோடு தங்கவைத்து, வாய்க்காலுக்கு வாய்க்கால் சின்னச் சின்னக் குழுக்கள் அமைத்தார்கள். சமுத்திரத்தில் கால்வாசித் தண்ணீர் அளவில்தான் இருந்த நேரம் அது. மேலே இருந்த விவசாயிகள் முறை வைத்துத் தங்கள் கதவுகளை மூடி, மிச்சத்தைக் கீழே அனுப்பினார்கள். வெளிநாட்டில் நீர்ப்பாசனம் படிக்கிறவர்களுக்கு இது பாடம். ஆனால் அந்தக் கதவை மூடிய ஒருவரை நேரில் பார்ப்பது வேறு. அவர் கையைச் சுற்றிக் காட்டினார், இப்படித் திருகி, இப்படிக் கல் வைத்து, இரவு யாரும் திறக்காமலிருக்கப் பாய் போட்டுக் கதவடியிலேயே படுத்து. அவரோடு படுத்தவர்களில் இருவர் இப்போது இல்லையாம்.

"இப்போது ஏன் விடுவதில்லை என்று கேள்" என்று மச்சானை இடித்தேன். அவன் கேட்டான். விடுகிறோம் என்றார். கதவு முன்போலத்தான் திறக்கிறது, ஆனால் நடுவழியில் மோட்டர் போட்டு இறைக்கிறவர்கள், வாய்க்கால் ஒதுக்கில் புதிதாய்ச் செய்கிறவர்கள், கூட்டத்தில் சொல்லாத ஏக்கர்கள், அவற்றையெல்லாம் யார் கணக்கெடுத்தது என்று அவரே எங்களைக் கேட்டார். இவர் பக்கத்திலும் எண் இல்லை. எங்களுக்கு வராத தண்ணீர் இவர் வயலில் நிற்கிறது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

இரவு அம்பாறையில் தங்கல். அறையில் நுளம்பு. வேறு சொல்ல எதுவுமில்லை.

நான்காம் நாள்: இங்கினியாகலை

இரண்டு மலைக்கு நடுவே கட்டு, அதன் பின்னால் கண்ணுக்கு எட்டுகிற மட்டும் தண்ணீர். சேனநாயக்க சமுத்திரம். சமுத்திரம் என்று வைத்தவர்களைப் பிழை சொல்ல முடியாது. நிறைந்தால் 110 அடி, 7 லட்சத்து 70 ஆயிரம் ஏக்கர் அடி. ஏக்கர் அடி என்றால் ஒரு ஏக்கர் வயலில் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் எவ்வளவோ அவ்வளவு, 12 லட்சம் லீற்றருக்குக் கொஞ்சம் மேல். தமிழ்நாட்டுச் செய்தி பார்க்கிறவர்களுக்குச் சொன்னால் 33.5 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி), மேட்டூர் அணையின் 93.47 இல் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம்.

தூரத்துத் தீவுகளின் இடுப்பில் பழைய நீர்மட்டம் விட்ட வெள்ளைக் கோடு தெரிந்தது. கோட்டுக்குக் கீழே வெறும் பாறை. காவலில் நின்றவரிடம் மச்சான் எத்தனை அடி என்று கேட்டான். அறுபத்தெட்டு என்றார்.

"அரைவாசிக்கு மேலே இருக்கே! பிறகேன் நமக்கு இல்லையெண்டாங்க?"

இதற்காகத்தான் வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அவன் கையில் ஒரு கச்சான் (நிலக்கடலை) சுருள் இருந்தது. யாரோ பிள்ளையின் விடைத்தாளைச் சுருட்டிய கூம்பு. அதை வாங்கி, வாய்வரை நிரம்பிய கச்சானைத் துண்டில் கொட்டி, கூம்பின் உயரத்தில் அறுபது வீதத்துக்குச் சற்று மேலே நகத்தால் கோடு கீறி, அந்தக் கோடு மட்டும் திரும்ப நிரப்பினேன். மிச்சக் கச்சான் துண்டில் குவியலாய்க் கிடந்தது, உள்ளே போனது கால்வாசிகூட இல்லை. அடி குறுகி வாய் அகன்ற பாத்திரத்தில் மேலே இருக்கிற ஒரு அடியும் கீழே இருக்கிற ஒரு அடியும் ஒன்றில்லை. சமுத்திரம் ஒழுங்கான கூம்பு கிடையாதுதான், எந்த அடிக்கு எவ்வளவு கொள்ளளவு என்ற அட்டவணை பொறியியலாளரிடம் இருக்கும். ஆனாலும் என் கச்சான் கணக்குப்படி 68 அடி என்றால் 1 லட்சத்து 80 ஆயிரம் ஏக்கர் அடிபோலத்தான் வருகிறது. மச்சான் நீண்ட நேரம் துண்டையே பார்த்தான். அப்புறம் குவியலைத் தின்னத் தொடங்கினான்.

மரநிழலில் உட்கார்ந்து நானாக யோசித்ததை எழுதுகிறேன், பிழையென்றால் திருத்துங்கள். இந்த ஆறு பதுளைக்குக் கிழக்கே மலையில் பிறக்கிறது. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடும், நமக்கு வருவது கச்சான் காற்று மட்டும் (தின்கிற கச்சான் இல்லை, இது வயலையும் தொண்டையையும் காயவைக்கிற காற்று), அதில் ஒரு நாளைக்கு ஐந்தாறு மில்லிமீற்றர் தண்ணீர் ஆவியாகவே போய்விடும். குளத்தை நிரப்புவது கார்த்திகை தொடங்கித் தை வரையான மாரிமழை. ஆகவே பங்குனி முடியும்போது குளத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் சிறுபோகத்துக்கு முழுக்காசு, அதற்குப் பிறகு சொல்லக்கூடிய வரவு இல்லை. அப்படியானால் சிறுபோகத்துக்கு எதிர்வுகூறலே தேவையில்லை, வெறும் கணக்குப்பிள்ளை வேலை. இருப்பு இவ்வளவு, ஏக்கருக்கு 5 ஏக்கர் அடி என்று வைத்தால் இத்தனை ஏக்கர், ஆவியாய்ப் போவது இவ்வளவு, இன்னாருக்கு இந்தத் தேதி. சித்திரையிலேயே முடிக்கக்கூடிய கணக்கு ஆனியில் ஏன் உதைக்கிறது?

கஷ்டமான எதிர்வுகூறல் மாரியில்தான். பசிபிக் கடல் வழமையைவிடச் சூடாகிற எல் நினோ வருடங்களில் இங்கே ஐப்பசி முதல் மார்கழி வரை மழை கூடுதலாகவும் தை பிறந்தபின் குறைவாகவும் பெய்யும் போக்கு உண்டு, அது குளிர்கிற லா நினாவில் மாரியின் கடைசி மாதங்கள் நனையும். 2011 தை மாத வெள்ளம் லா நினா வருடத்தில் வந்தது, அப்போது மச்சான் வீட்டுப் பாயும் கோழிக்கூடும் சேர்ந்து மிதந்ததை இன்றைக்கும் சொல்வான். மார்கழியில் குளம் நூறு அடியைத் தாண்டி நிற்கும்போது, வருகிற பத்து நாளில் எவ்வளவு பெய்யும் என்று யாராவது முடிவெடுக்க வேண்டும். முன்கூட்டித் திறந்துவிட்டு மழை பொய்த்தால் சிறுபோகம் போச்சு. பிடித்து வைத்து மழை கொட்டினால் சம்மாந்துறைப் பக்கம் வெள்ளம். 110 என்கிற எண் உகனைக்காரருக்கு அடுத்த போகம், ஆற்றோரம் இருப்பவருக்கு மூட்டை கட்டுகிற நேரம். அந்தக் கதிரையில் இருக்கிற ஆளைத் திட்டுவது சுலபம். நான் இருந்தால் எனக்கும் கை நடுங்கும்.

"காவிரி மாதிரித்தான்" என்றான் மச்சான் கச்சானை மென்றுகொண்டு.

இல்லை, அங்கே ஒரு விசயம் நம்மைவிட மேல். கர்நாடகா எவ்வளவு விட்டது என்பதைக் கர்நாடகாவும் சொல்வதில்லை, தமிழ்நாடும் சொல்வதில்லை. எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையத்தின் அளவை நிலையம் சொல்கிறது. 2018 இல் இந்திய உச்ச நீதிமன்றம் 177.25 டிஎம்சி என்று தீர்த்தபோதும் அது பிலிகுண்டுலுவில் அளக்கிற 177.25 தான். அதன் பிறகும் அடிபடுகிறார்கள், ஓம், ஆனால் எவ்வளவு வந்தது என்பதில் அடிபடுவது குறைவு, எவ்வளவு வரவேண்டும் என்பதில்தான் சண்டை. நமக்கு அந்தச் சண்டைக்கே இன்னும் தகுதி வரவில்லை. மண்டூர்க் கிளை பிரிகிற இடம் நமக்குப் பிலிகுண்டுலுவாக இருந்திருக்க வேண்டும், அங்கே ஒரு அளவு, அதை ஒவ்வொரு நாளும் மேலே இருப்பவனும் கீழே இருப்பவனும் சேர்ந்து வாசித்து, இரண்டு மொழியிலும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும். செய்மதியும் தேவையில்லை, ஒரு டப்பா பெயின்ட்.

மாலையில் ஒரு யானை தீவிலிருந்து தீவுக்கு நீந்தியது. தும்பிக்கை மட்டும் வெளியே. படம் எடுத்தேன், கறுப்புப் புள்ளிதான் விழுந்திருக்கிறது.

ஐந்தாம் நாள்: சம்மாந்துறை – மண்டூர்

திரும்பும் வழியில் சம்மாந்துறையில் ஒரு வெல்டிங் கடை. உரிந்த அளவுகோல் என் கண்ணை விட்டுப் போகவில்லை, அதனால் ஐந்து அடி இரும்புப் பட்டை ஒன்று வாங்கினேன். கடைக்காரக் காக்கா (இங்கே முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) எதற்கென்று கேட்டார், சொன்னேன். "நல்ல வேலை தம்பி, எங்கட வயல் கண்டத்துக்கும் இதே கதைதான், நாங்களும் வால்தான்" என்று சொல்லி, ஒவ்வொரு அங்குலத்துக்கும் கட்டரால் கீறித் தந்தார். கீறலுக்குக் காசு வாங்கவில்லை.

மத்தியானம் மண்டூர். பெரியப்பாவிடம் உகனை முதியவரின் கதையைச் சொன்னேன். கதவை மூடிக் கல் வைத்துப் படுத்த கதை. அவர் வெற்றிலையை வாயில் ஒதுக்கிவிட்டு வாய்க்கால் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஓம் மனே, அந்த வருசம் வந்தது. நல்லா வந்தது. எங்கயோ மழை பெஞ்சிருக்கு எண்டு நினைச்சம்."

நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இவ்வளவு காலமும் இவர் அதை மழையென்றே நினைத்திருக்கிறார்.

வெயில் தாழ்ந்தபின் பட்டைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, அக்காவின் நகப்பூச்சால் எண் எழுதி (சிவப்பு, தூரத்திலிருந்தும் தெரிகிறது), எங்கள் மடைவாயில் நட்டோம். வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது, அடியில் இரண்டு தவளை. அப்பாவின் கொப்பியில் கடைசியாய் எழுதிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் இன்றைய தேதி போட்டு, 0 என்று எழுதினேன். படம் எடுத்து வட்டைக் குழுவிலும் போட்டேன். பெரும்போகக் (மாரிகால நெல்) கூட்டத்துக்கு முன் உகனை மாமாவின் மகனுடைய இலக்கத்தையும் அந்தக் குழுவில் சேர்க்கவேண்டும், மச்சான் வாங்கி வைத்திருக்கிறான்.

இதுவரை வந்த ஒரே பதில் இப்போதைய விதானையாரிடமிருந்து. கம்பி உழவு மெசினுக்கு இடைஞ்சலாம், ஒரு முழம் தள்ளி நடட்டாம்.